காத்திலிருந்து எடுத்த சூடு

குளுவாங்
மலேசியா
9 ஜூன் 2024

லோகேஸ்வரனுக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். வேண்டுமென்றேதான் விட்டேன். வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் செய்தது செய்ததுதான், எடுக்கப் போவதில்லை. உன் குரலைக் கேட்டாலே எனக்கு அந்த நாள் காதில் விழுகிறது. ஆனால் ஹீட் பம்ப் பற்றிக் கேட்க எனக்கு உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருவர் போய்விட்டார். இன்னொருவன் இங்கிலாந்தில் வீடு வீடாக அதே மெஷினை மாட்டிச் சம்பாதிக்கிறான். அதனால்தான் கடிதம். தபாலில் சண்டை போட்டால் அக்கம்பக்கத்துக்குக் கேட்காது, அது ஒரு வசதி.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மச்சான் எனக்காக மாட்டின அந்த ஹீட் பம்ப் சுடுதண்ணி மெஷின் சரியில்லை. கரண்டு பில் ரொம்பக் குறைவாக வருகிறது.

சிரிக்காதே. மெஷினுக்கென்றே அவர் தனியாகச் சுவரில் ஒரு சின்ன மீட்டர் வைத்தார் அல்லவா? ஞாயிற்றுக்கிழமையானால் அதன் முன் நின்று, "பாத்தியாலா பிரவீ, வாரத்துக்கு ஏழே யூனிட்! ஹீட்டரா இருந்தா முப்பது இழுத்திருக்கும்" என்று அவர் பீற்றிக்கொள்வதை நீயும் கேட்டிருக்கிறாய். அந்த மீட்டர் அவர் தவறின மாதத்திலிருந்து ஒரு எண் கூட நகரவில்லை. தண்ணீரோ கை வைக்க முடியாத சூடு. காலையில் என் விரல்களை அதில்தான் முக்கி எடுக்கிறேன். இல்லாவிட்டால் இந்த வாதத்தில் ஊசியைக்கூடப் பிடிக்க முடியாது, ஊசி பிடிக்காவிட்டால் எனக்குச் சோறு கிடையாது. அதனால் சூடு வருவதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று. மெஷின் வெளியே தள்ளும் குளிர்காற்றை வீணாக்குவானேன் என்று தகரக் குழாய் வைத்து என் தையல் ரூமுக்குள் திருப்பிவிட்டிருந்தார். முன்பெல்லாம் மத்தியான வெயிலுக்கு அது இதமாக இருக்கும். இப்போது குளிரில் அந்த ரூமில் உட்கார முடியவில்லை. தையல் மெஷினை ஹாலுக்கு இழுத்துவந்துவிட்டேன். பக்கத்து வீட்டு சாந்தினி துணி கொடுக்க வந்தவள், "அக்கா, யாரும் இல்லாத ரூமுக்கு எதுக்கு ஏர்கோன் போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறாள்.

அவருடைய ஏர்கோன் கடையை இப்போது பார்த்துக்கொள்ளும் தங்கராஜுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தான், மூடினான். "ஒன்னும் இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு" என்றான். டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான். அவன் டீயை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை.

பதில் எழுது. மெஷினைப் பற்றி மட்டும்.

பிரவீனா


ஷெஃபீல்டு
24 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

நான் போட்டுவிட்டேன். ரோஷம் உனக்கு மட்டும்தான்.

மூன்று வருஷமாக இந்த ஊரில் இந்த வேலை பார்க்கிறேன். பில் கூடிவிட்டது என்று என்னைத் திட்டாத ஆள் இல்லை. பில் குறைந்துவிட்டது என்று திட்டும் முதல் ஆள் நீதான். இங்கே ஹீட் பம்ப் தண்ணீருக்கு மட்டும் அல்ல, வீடு முழுவதையும் அதுதான் சூடாக்குகிறது. வெளியே பனி விழும்போது அந்தக் காற்றிலிருந்து சூட்டைப் பிழிந்தெடுக்க அது படாத பாடு படும். ஒரு யூனிட் கரண்டுக்கு இரண்டரை யூனிட் சூடு வந்தாலே நான் கையெடுத்துக் கும்பிடுவேன். உன் ஊரில் காற்றே அடுப்பு மாதிரி இருப்பதால் நாலு, நாலரை வரும். அதனால்தான் மச்சான் டைமரை மத்தியானத்துக்கு வைத்தார். காற்று சூடாக இருக்கும் நேரத்தில் ஓடினால் செலவு குறைவு.

நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த மெஷின் சூட்டை உண்டாக்குவதே இல்லை. காத்துல இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் கொண்டுபோய் வைக்கிறது, அவ்வளவுதான். கரண்டு அந்தச் சுமைகூலிக்கு மட்டும். கூலியே இல்லாமல் யாரும் சுமக்க மாட்டார்கள். ஆகையால் உன் மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

சந்தேகமாக இருந்தால் மெஷினின் சுவிட்சை அணைத்துவிடு. டேங்கின் அடியில் உள்ள குழாயைத் திறந்து எல்லாத் தண்ணீரையும் வெளியேற்றிவிட்டுப் பச்சைத் தண்ணீர் நிரப்பு. மறுநாள் தொட்டுப் பார். சில்லென்று இருக்கும்.

மெஷினைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னாய். முடியவில்லை. மச்சானை வேனில் ஏற்றினபோது நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு, தினமும் காலையில் கடைக்கு அனுப்புகிற மாதிரியே "போயிட்டு வாங்க" என்று சொன்னாய். சாவு வீட்டுக்கு வந்தவர்கள்கூட 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல்தான் கிளம்புவார்கள். சுற்றி நின்ற அத்தனை பேர் முகமும் மாறியது. நான் கத்தியிருக்கக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ அதைச் சொல்லியிருக்கவும் கூடாது. இதில் நான் மாறப்போவதில்லை.

லோகேஸ்


குளுவாங்
11 ஜூலை 2024

லோகேஸ்வரனுக்கு,

நீ வெறுமனே கத்தினாயாம்! "பொணத்தப் பாத்து என்னக்கா சொல்ற, அறிவிருக்கா?" என்று ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாயே, அதற்கு உன் இங்கிலாந்தில் என்ன பெயர்? இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கேட்டில் நின்று அதையேதான் சொன்னேன். அந்த ஒரு நாள் மட்டும் வேறு என்ன வாயில் வரும்? அவர் முகத்தை மூடுகிறார்கள், கேட் திறக்கிறது, என் வாய் தானாகச் சொன்னது. அதற்குத் தண்டனையாக என் சொந்தத் தம்பியே என்னை எல்லார் முன்னாலும் பைத்தியக்காரியாக்கினான். சரி, அது கிடக்கட்டும்.

நீ சொன்னதைச் செய்தேன். சுவிட்சை அணைத்தேன். நம்பாமல் ஃபியூஸையும் பிடுங்கி என் ஊசி டப்பாவுக்குள் போட்டுக்கொண்டேன். டேங்கைக் காலி செய்து பச்சைத் தண்ணீர் நிரப்பினேன். காலையில் குழாயைத் திறந்தால் ஆவி. முகம் பார்க்கும் கண்ணாடி முழுக்க மூடிக்கொண்டது. தண்ணீர் பட்ட இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

ஃபியூஸ் இன்னும் என் டப்பாவில்தான் இருக்கிறது. ஆனால் பின்பக்கம் அந்தப் பெட்டியின் காற்றாடி சுற்றுகிறது. கம்ப்ரசர் சத்தம் இல்லை, வெறும் காற்றாடி மட்டும். மத்தியானம் அல்ல, சாயங்காலம் ஏழு மணிக்கு, சாமிக்கு விளக்கு வைக்கிற நேரத்தில். ஏழு மணி என்றால் உனக்கே தெரியும். கடையைப் பூட்டிவிட்டு அவர் பின்கதவு வழியாக வரும் நேரம் அது. வாசலில் செருப்பைக் கழற்றித் தட்டுவார், நான் "வாங்க" என்று சொன்னால்தான் உள்ளே வருவார். சொந்த வீட்டுக்கே விருந்தாளி மாதிரி வருகிறாரே என்று நீ கிண்டல் அடிப்பாய்.

நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'காத்துல இருக்கிற சூட்டை எடுத்து' என்று எழுதியிருக்கிறாய். நம் ஊரில் காத்து என்றால் வீசுகிற காத்து மட்டும்தானா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குழந்தை இரவெல்லாம் அழுதால் என்ன பட்டுவிட்டது என்று சொல்வோம்? நீ எந்தக் காத்தைச் சொல்கிறாய் லோகேஸ்?

பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன். ஆனால் விரல்கள் நன்றாக மடங்குகின்றன. தீபாவளி பிளவுஸ் ஆர்டர்கள் இப்போதே வந்து குவிகின்றன, ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை.

பிரவீனா


ஷெஃபீல்டு
27 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை முதலில் படித்தபோது சிரித்தேன். மறுபடி படித்தேன். பிறகு வேலைக்குப் போகவில்லை.

நான் வீசுகிற காற்றைத்தான் சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன். காற்றாடி வெறும் காற்று பட்டும் சுற்றும், அதை விடு. தண்ணீரைத்தான் விளக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே விதியை எழுதுகிறேன், இது எந்த ஊரிலும் மாறாது. சூடு சும்மா வராது. ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறைந்தே ஆக வேண்டும். உன் தையல் ரூம் சின்னது. அதில் உள்ள காற்று முழுவதையும் பிழிந்தாலும் அத்தனை தண்ணீரைச் சூடாக்க முடியாது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அப்படியென்றால் அந்த ரூமில் வேறு ஏதோ ஒன்று தன் சூட்டை இழந்துகொண்டிருக்கிறது.

அந்த வீட்டில் சூடாக இருக்கும் உயிர் நீ ஒருத்திதான். எனக்கு அதுதான் பயம். உனக்கு உடம்பு சில்லிட்டுப் போகிறதா? சாப்பிடுகிறாயா? தயவுசெய்து கிளினிக்குக்குப் போய்க் காட்டு. அந்த ரூமைப் பூட்டிவிட்டு, கொஞ்ச நாள் சாஆ டவுனில் மலர் அத்தை வீட்டில் போய் இரு. ஆர்டரை எல்லாம் தூக்கிப் போடு. எனக்குக் கூடப்பிறந்தவள் என்று இருப்பது நீ மட்டும்தான் அக்கா.

லோகேஸ்


குளுவாங்
18 ஆகஸ்ட் 2024

லோகேஸுக்கு,

கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க உடம்பு என் உடம்பவிட நல்லா இருக்கு" என்றார். உடம்பில் சரியான சூடு. கன்னத்தில்கூடக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. எனவே சூட்டை இழப்பது நான் இல்லை.

அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கும் தெரிந்திருக்கும், எழுதத்தான் உனக்குத் தைரியம் இல்லை.

ஏர்கோன் மெக்கானிக் ஒருவர் குளிர் தாங்க மாட்டார் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? சினிமாவுக்குப் போனால் ஜாக்கெட், மழை பெய்தால் கம்பளி. தையல் ரூமுக்கு என்னிடம் பேச வந்தால் அந்தக் குழாயின் கீழ் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் பேசுவார். கடையில் தீபாவளிக்கு வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட துண்டு அது, ஓரம் பிரிந்ததற்கு நான் சிவப்பு நூலில் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். "எனக்கு வெயில் போதும்லா. சுடுதண்ணி உன் கைக்கு, குளுகுளு உன் தையலுக்கு. ஒரே செலவுல ரெண்டு வேல" என்பார். அந்த மெஷினின் இரண்டு முனையும் எனக்காகத்தான் இருந்தது. அவருக்கு அதில் எதுவும் கிடையாது.

அந்த ரூமில் அவர் படத்துக்குப் போட்ட மல்லிகைச் சரம் வாடவே இல்லை, லோகேஸ். ஆடி மாதம் போட்டது, ஐஸ் பெட்டியில் வைத்த மாதிரி அப்படியே விறைத்து நிற்கிறது. நான் பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. குளுவாங்கில்! குழாயின் வாயில் இருக்கிற தகர மூடி ஏழு மணிக்கு ஆட ஆரம்பிக்கும், டக டகவென்று. காற்றாடியின் காற்று என்று நீ சொல்வாய். குளிரில் தாடை அடித்துக்கொள்ளும் சத்தத்தை நான் இருபது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன்.

அவர்தான் தருகிறார். தன்னிடம் மிச்சம் இருப்பதை எடுத்து என் தண்ணீருக்குள் வைக்கிறார்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். சுடுதண்ணீரைத் தொடாமல் இருந்தேன். டேங்கின் மேல் வால்வு திறந்துகொண்டு கொதி தண்ணீர் கொட்டி, பின்வாசல் முழுக்க ஓடியது. அவருடைய கம்பளியை எடுத்துப்போய் ஸ்டூலின் மேல் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் ஹாலில் என் தையல் நாற்காலியின் மேல் கிடக்கிறது. உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். மீன் துண்டைத் தன் தட்டிலிருந்து என் தட்டுக்குத் தள்ளிவிட்டு, "எனக்குப் புடிக்காது" என்று பொய் சொல்வார்.

சாஆவுக்குப் போக மாட்டேன். அவரைக் குளிரில் விட்டுவிட்டு நான் எங்கே போக?

அக்கா


ஷெஃபீல்டு
12 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

'அக்கா' என்று போட்டதற்கு நன்றி. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

நேற்று தங்கராஜுவிடம் போனில் பேசினேன். நீ ஜூனில் கூப்பிட்டபோது அவன் பெட்டியைத் திறந்து பார்த்தானே, கம்ப்ரசர் எரிந்து கட்டியாகிவிட்டிருந்ததாம். குளிரூட்டும் கேஸ் சொட்டுக்கூட இல்லையாம். அவன் கையை வைத்தபோது, எரிந்து கிடந்த அந்த மெஷின் சுடுதண்ணீர் தந்துகொண்டிருந்தது. "அண்ணே, அக்காகிட்ட என்னன்னு சொல்றது? அது ஓடலன்னா சொல்ல முடியும்? கண் முன்னால ஓடுதே" என்று அழுகிறான். மச்சான் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அதே நாளில்தான் அதுவும் எரிந்திருக்க வேண்டும் என்கிறான். மீட்டர் நின்ற மாதமும் அதுதான்.

ஆக மெஷின் இல்லை. கரண்டு இல்லை. கூலி வாங்காமல் சுமக்கிறவர் ஒருவர் இருக்கிறார்.

இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல மாட்டேன். நான் சர்டிபிகேட் வைத்திருக்கும் டெக்னீஷியன். ஆனாலும் எழுதுகிறேன். நீ அன்றைக்குப் போயிட்டு வாங்க என்று சொன்னாய். அவர் போனார், வந்துவிட்டார். நீ சொல்லி அவர் எதைத்தான் செய்யாமல் இருந்தார்?

இப்போது நீதான் அனுப்ப வேண்டும். ஒரே வார்த்தை. 'போங்க' என்று சொல். கொடுத்துக்கொண்டே இருந்தால் எதுவும் ஒருநாள் தீர்ந்துபோகும் அக்கா, இதுவும் நான் சொன்ன அந்த விதிதான். தீர்ந்துபோன பிறகு அவர் என்னவாக இருப்பார்?

விரட்டுகிற மாதிரி இருக்கும் என்று உனக்குக் கஷ்டமாக இருந்தால், கீழே மச்சானுக்கு நான் எழுதியிருக்கிறேன். அந்த ரூமில் நின்று சத்தமாகப் படித்துக் காட்டு.

"மச்சான், நான் லோகேஸ். அக்காவுக்கு நீங்க செஞ்சது போதும். இனிமே அவ கைய நான் பாத்துக்கிறேன், நல்ல டாக்டரா பாத்து மாசா மாசம் மருந்து அனுப்புறேன். நீங்க குளிர்ல நிக்காதீங்க. எத்தன வாட்டி கூப்பிட்டிருக்கேன், ஒரு வாட்டியாச்சும் எங்க வீட்டுக்கு வாங்கன்னு. 'அலமாக், அந்தக் குளிருக்கு நான் வரலலா'ன்னு சிரிப்பீங்க. உங்கள யாரும் வெரட்டல மச்சான். அக்கா வீடு எப்பவும் உங்க வீடுதான், எங்க வீடு, அதுவும் உங்க வீடுதான். சந்தோஷமா இருங்க."

லோகேஸ்


குளுவாங்
29 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

சொல்வது உனக்குச் சுலபம். அந்த வார்த்தையை ஒரு மனுஷனைப் பார்த்து நான் சொன்னதே இல்லை. கடன் கேட்டு வந்தவனைக்கூட 'போங்க' என்று சொல்லாமல் 'நாளைக்கு வாங்க' என்றுதான் சொல்லி அனுப்புவேன்.

அதைச் சொன்னால் அவர் போய்விடுவார், மறுபடி வர மாட்டார். என் விரல்களும் கட்டையாகிவிடும். சொல்லாவிட்டால் அவர் நடுங்கிக்கொண்டே நிற்பார். எதைப் பிடித்தாலும் இழப்பு என்னுடையதுதான். எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மல்லிகையின் மேல் வெள்ளையாக உப்பு மாதிரி படிந்திருக்கிறது. தொட்டால் கரைகிறது. அது உப்பு இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் படையல் போட வேண்டும். அதுவரை எனக்கு நேரம் கொடு. அதுவரை அவருக்கும்.

அக்கா


குளுவாங்
2 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி,

எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள், விரல் மடங்கவில்லை.

படையல் போட்டேன். மீன் பொரியல், நெத்திலி சம்பல், அவர் விரும்பும் கெட்டிக் காபி எல்லாம் வைத்தேன். ஏழு மணிக்கு முன்பே ரூமிலிருந்து துணி, பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். ஸ்டூல் மட்டும் இருந்தது, அதன் மேல் அவர் துண்டு. பிறகு டேங்கைத் திறந்து, வாளி வாளியாகக் கொதி தண்ணீரைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த ரூமின் சிமெண்டுத் தரையில் ஊற்றினேன். உன் விதிதானே சொல்கிறது, எடுத்தால் குறையும் என்று? அப்படியென்றால் திருப்பிக் கொடுத்தால் கூட வேண்டும். அவர் கொடுத்த அத்தனையையும் கடைசி வாளி வரை அவருக்கே கொட்டினேன். இடுப்பு போனது, அழுகையும் நிற்கவில்லை. ரூம் முழுக்க ஆவி. எதிர்ச்சுவர் தெரியவில்லை. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்த ரூம் சூடானது. ஸ்டூல் இருந்த இடத்தில் மட்டும் ஆவி போகாமல் ஒதுங்கி நின்றது. ஆள் உட்கார்ந்த அளவுக்கு.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை விடவில்லை. அவர் மாதிரியே 'அலமாக்' என்று நீ எழுதினதைப் படிக்கும்போது மூடி ஒரு தடவை டக்கென்றது, சிரித்த மாதிரி.

பிறகு பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். போங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. "போயிட்டு" என்று வந்துவிட்டது. பழகின வாய். 'வாங்க' வருவதற்குள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். பற்களுக்கு நடுவில் அந்த வார்த்தை முட்டிக்கொண்டு நின்றது, தம்பி. வெளியே விடவில்லை. என்னைத் தாண்டி ஏதோ போனது. சில்லென்று இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது. அதுபோதும் எனக்கு.

காற்றாடி நின்றுவிட்டது. காலையில் மல்லிகை ஒரேயடியாக வாடிக் கருகிக் கிடந்தது. குழாயில் பச்சைத் தண்ணீர். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு அடுப்பில்தான் தண்ணீர் காய்ச்சினேன். தங்கராஜு வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். இந்த முறை டீ குடித்தான்.

ஒன்றுதான் புரியவில்லை. ஸ்டூலில் இருந்த துண்டைக் காணோம். வீடு முழுக்கத் தேடிவிட்டேன்.

நீ அன்றைக்குக் கத்தினது சரிதான். சரியாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம். மருந்து அனுப்புகிறேன் என்றாயே, அனுப்பு.

அக்கா


ஷெஃபீல்டு
24 நவம்பர் 2024

அக்கா,

தபாலில் போட்டால் தாமதமாகும் என்று இதை போட்டோ எடுத்துத் தங்கராஜுவுக்கு அனுப்புகிறேன். அவன் உன் கையில் கொண்டுவந்து கொடுப்பான். படிக்காமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே பனி கொட்டிவிட்டது. இந்த மாதிரி நாளில் என் வீட்டு மெஷின் கரண்டை வெறி பிடித்தமாதிரி குடிக்கும். வெளிப்பெட்டியில் ஐஸ் கட்டும், அதை உருக்க மறுபடி கரண்டு. அதனால் பயந்துகொண்டேதான் மீட்டரைப் பார்த்தேன். நகரவில்லை. வீடு கதகதவென்று இருக்கிறது. பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெட்டியின் முன்பக்கத் தகடு ஆடுகிறது. டக டகவென்று. பகல் பதினொரு மணிக்கு ஆரம்பிக்கிறது. இங்கே பதினொன்று என்றால் அங்கே ஏழு.

இன்று வெளியே போய்ப் பார்த்தேன். பெட்டியின் மேல் ஒரு துண்டு, பனியில் விறைத்துப் பலகை மாதிரி கிடந்தது. நீலக் கட்டம். ஓரத்தில் சிவப்பு நூல். உன் தையல் எனக்குத் தெரியாதா?

உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை தவறி வந்ததற்கு நான் ஊரைக் கூட்டிக் கத்தினேன். அதே தப்பை நான் ஆற அமர உட்கார்ந்து எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். எங்க வீட்டுக்கு வாங்க, அதுவும் உங்க வீடுதான் என்று. மரியாதைக்கு எழுதினேன் அக்கா. நாம் எல்லாரிடமும் சொல்கிற மரியாதைதானே! நீ பாதியில் வார்த்தையை அடக்கிவிட்டாய், அவருக்கு வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. கூப்பிட்ட இடம் ஒன்றுதான் இருந்தது. குளிரைக் கண்டால் ஓடுகிற மனுஷன், இந்தப் பனியில் வந்து நிற்கிறார். எனக்குச் சூடு கொடுத்துக்கொண்டு நிற்கிறார்.

பிளாக்கை எடு. உன் ஏழு மணிக்குக் கூப்பிடு, போனை வெளியே கொண்டுபோய் ஸ்பீக்கரில் வைக்கிறேன். 'போங்க' என்ற அந்த வார்த்தையை நீதான் முழுசாகச் சொல்ல வேண்டும், இந்தத் தடவை பாதியில் விடாதே. நானே சொல்லிப் பார்த்தேன். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "போங்க மச்சான்" என்று சொல்லத்தான் போனேன். என் வாய் இருக்கிறதே, அது உன் வாயின் தம்பி. "பசியாறிட்டீங்களா மச்சான்?" என்று கேட்டுவிட்டேன்.

தகடு ஆடுவது நின்றது. உள்ளே வந்து கதவைப் பூட்டினேன். இப்போது பின்கதவுக்கு வெளியே யாரோ செருப்பைத் தட்டுகிறார்கள். இரண்டு தட்டு. நான் கூப்பிடுவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்.

லோகேஸ்